வால்நட் சாப்பிடுகிறீர்களா? இந்தத் தப்பையெல்லாம் செய்யாதீர்கள்

"வால்நட் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும், உடம்புக்கு நல்லது, பேசாம சாப்பிடு." எங்கள் வீட்டில் பல வருடம் ஓடிய வசனம் இது. அப்புறம்தான் தெரிந்தது, நாங்கள் சாப்பிட்டது காறிப்போன பருப்பு.

வால்நட்டின் மேல்தோலில் லேசான துவர்ப்பு இருக்கும், அது இயல்பு. ஆனால் பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ, விழுங்கிய பிறகும் தொண்டையில் காறல் நின்றாலோ அது கெட்டுவிட்டது, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். இந்தப் பருப்பில் கிட்டத்தட்ட 65 சதவீதம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் கெடுகிற வகை. முந்திரி, பாதாமை விட இது வேகமாகக் காறுவது அதனால்தான். நாமோ கண்ணாடி பாட்டிலில் போட்டு அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கிறோம், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில்! இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆறு மாதம் வரை தாங்கும். உடைந்த தூளை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், காற்று படும் பரப்பு அதிகம் என்பதால் அதுதான் முதலில் கெடும். காஷ்மீரில் செப்டம்பர் வாக்கில்தான் அறுவடை, எனவே அதை ஒட்டிய மாதங்களில் புதுச் சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

துவர்க்கிறது என்று அந்தத் தோலை உரித்து எறிகிறவர்களும் உண்டு. வால்நட்டின் பாலிஃபினால்களில் (செடிகளில் இயல்பாக இருக்கும் ஒரு வகைச் சேர்மங்கள்) பெரும்பகுதி இருப்பதே அந்த மெல்லிய தோலில்தான். ஊறவைத்துச் சாப்பிடுவது உங்கள் விருப்பம், துவர்ப்பு குறையும். ஊறவைத்தால்தான் பலன் என்றெல்லாம் இல்லை.

சரி, பெரிய தப்புக்கு வருகிறேன். காலையில் வழக்கம்போல நாலு இட்லி, மாலையில் வழக்கம்போல மிக்ஸர், கூடவே "இதயத்துக்காக" ஒரு கைப்பிடி வால்நட். 28 கிராம், அதாவது ஏறக்குறைய 14 அரைப் பருப்பு, சுமார் 185 கலோரி. மற்றதைக் குறைக்காமல் இதைத் தினமும் சேர்த்தால் எடை கூடலாம். 2004இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வால்நட்டுக்கு அனுமதித்த வாசகத்தைப் பாருங்கள்: தினம் சுமார் 42 கிராம் சாப்பிட்டால் இதய நோய் அபாயம் குறையலாம், ஆனால் நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவின் பகுதியாக, மொத்தக் கலோரி கூடாமல். அதற்கும் ஆதாரம் முடிவானதல்ல என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வந்து சேரும் ஃபார்வர்டுகளில் இந்த நிபந்தனை மட்டும் காணாமல் போயிருக்கும். 2010இல் ஒரு நிறுவனம் வால்நட்டை நோய் தீர்க்கும் சரக்கு போல விளம்பரம் செய்தபோது, அப்படிச் சொன்னால் அது அனுமதி வாங்காத மருந்துக் கணக்கில் வரும் என்று அதே எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆக, மிக்ஸருக்குப் பதில் வால்நட் என்றால் லாபம், மிக்ஸரோடு வால்நட் என்றால் நஷ்டம். தேனில் ஊறியது, சாக்லேட் பூசியது, உப்புப் போட்டு வறுத்தது எல்லாம் தின்பண்டக் கணக்கு.

மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லதாம். தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள், பாவம். ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் ஆரோக்கியமான முதியவர்களை இரண்டு வருடம் வால்நட் சாப்பிடவைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. ஒட்டுமொத்தமாக அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

மீனுக்கு ஈடு என்பதும் பாதி உண்மைதான். வால்நட்டில் இருப்பது ஏஎல்ஏ என்ற வகை ஒமேகா-3 கொழுப்பு. மத்தியிலும் அயிலையிலும் இருக்கும் வகையாக அதை உடம்பு மாற்றுவது கொஞ்சமே. சைவம் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் இதைக் காட்டி மீனை நிறுத்த வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும், அரைத்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ "சூடு பிடித்திருக்கும்" என்று மோர் கொடுத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது அலர்ஜி.

தைராய்டுக்கு லீவோதைராக்சின் எடுக்கிறவர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து உடம்பில் சேர்வதை வால்நட் குறைக்கலாம். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, உடனே ஊறவைத்த வால்நட் என்று வைத்திருந்தால் இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.