வகுப்பறையில் யார் மூச்சு யாருக்குப் போகிறது? அளந்து பாருங்கள்

ஒரு வகுப்பில் சளியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வந்தால், முதலில் யாருக்கு வந்தது என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள். இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு வேறு கேள்வி: அந்த அறையில் ஒரு பிள்ளை விட்ட மூச்சை இன்னொரு பிள்ளை எவ்வளவு இழுக்கிறது? ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் இதை நாமே கண்டுபிடிக்கலாம்.

மீட்டர் வைரஸைக் காட்டாது. ஆனால் நாம் விடும் மூச்சில் இந்த வாயு ஏறக்குறைய 40,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) இருக்கும். வெளிக்காற்றில் 420 சொச்சம்தான். வைரஸைச் சுமக்கும் நுண்துளிகளும் அதே மூச்சில்தான் வெளியே வருகின்றன. மீட்டர் 2,400 காட்டினால் அதில் 420-ஐக் கழித்து 40,000-ஆல் வகுங்கள்: சுமார் 5 சதவீதம். அதாவது இழுக்கிற 20 மூச்சில் ஒன்று, அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்டது.

மீட்டர் வாங்கும்போது, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இந்த வாயுவை அளக்கும் 'என்டிஐஆர்' சென்சார்தானா என்று கேளுங்கள். மலிவான சிலவற்றில் வேறு சென்சார் இருக்கும். கையில் சானிடைசர் தடவி அருகே நீட்டினால் எண் எகிறும், அது உதவாது. அப்புறம் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வைத்து, 420-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் தலை உயரத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி, யார் மூச்சும் நேரே படாத இடத்தில் வையுங்கள். ஸ்பிளிட் ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய டியூஷன் அறையை அவசியம் அளக்க வேண்டும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. குளுகுளுவென்று இருப்பதால் காற்று சுத்தம் என்று பெற்றோர் நம்புவதுதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியேறியதும், ஜன்னலும் மின்விசிறியும் வகுப்பு நேரத்தில் இருந்தபடியே இருக்க, மீட்டரை உள்ளே விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் 2,420 என்றால் வெளிக்காற்றைவிட 2,000 அதிகம். அந்த 2,000, அதன் 37 சதவீதமான 740-க்கு இறங்க வேண்டும்; மீட்டரில் 1,160. அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தால் அறைக்கு மணிக்கு ஒரு காற்றுமாற்றம்தான், அதாவது அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒருமுறைதான், கிடைக்கிறது. புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே வருவதால் அதற்குள் எல்லாம் போய்விடாது, 37 சதவீதம் எஞ்சும். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2023-இல் பரிந்துரைத்த இலக்கு மணிக்கு 5. அப்படியானால் 12 நிமிடத்தில் இறங்க வேண்டும்.

எண்ணோடு, பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்த 61 பேரில், முதல் நோயாளியையும் சேர்த்து, 53 பேருக்குக் கோவிட் உறுதியானது அல்லது இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் நுண்துளிகள் அதிகம் வரும். மீட்டருக்கு அது தெரியாது. மாஸ்க்கும், காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் வைரஸைக் குறைக்கும், மீட்டர் எண்ணைக் குறைக்காது. அவை இருந்தால் அதையும் குறித்துவையுங்கள்.

பிறகு எதிரெதிர் ஜன்னல்களைக் கையகலம் திறந்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு நேரங்களையும் ஒரே தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள்.