ஸ்டெப்பர் மோட்டார் நகர்வில் பூஜ்யப் புள்ளி நழுவினால்

8 மி.மீ. லீட் (ஒரு சுழற்சியில் நட்டு நகரும் தூரம்) உள்ள திருகுதண்டு, சுழற்சிக்கு 200 ஸ்டெப் உள்ள மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிப்பது) என்றால் 1 மி.மீ. நகர 400 பல்ஸ் (ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தும் சிக்னல்) வேண்டும். பிழை தூரத்தோடு வளர்ந்தால் இந்த எண்ணைத்தான் திருத்த வேண்டும். என் அமைப்பில் அது சரியாகவே இருந்தது. திசை மாறும்போது மட்டும் நகர்வை அளக்கும் டயல் கேஜ் 0.15 மி.மீ. குறைவாகக் காட்டியது: நட்டின் பேக்லாஷ், அதாவது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு அதைத் தீர்த்தது. ஸ்பிரிங்கை மிகவும் இறுக்கினால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும், கவனம்.

அதன் பிறகும் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் பூஜ்யப் புள்ளி (நகர்வு தொடங்கும் இடம்) ஒரே பக்கமாக நழுவியது. இதையும் பேக்லாஷ் என்றே பலர் தேடுகிறார்கள். பேக்லாஷ் சேர்ந்துகொண்டே போகாது. மோட்டார் தண்டிலும், அதைத் திருகுதண்டோடு இணைக்கும் கப்ளிங்கிலும் ஒரே கோடாக மார்க்கர் இழுத்து ஓட்டினேன். கோடு விலகவில்லை, எனவே கப்ளிங் வழுக்கவில்லை.

காரணம் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று சொல்லும் திசை சிக்னல். மோட்டாரை இயக்கும் டிரைவரில் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் அணைய எடுக்கும் நேரம் எரிய எடுப்பதைவிட அதிகம். ஆகவே ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் முதல் பல்ஸ் பழைய திசையிலேயே போகிறது. ஒரு முறை போய்வந்தால் 2 பல்ஸ் பிழை, அதாவது 0.005 மி.மீ.; 200 முறை போய்வந்தால் முழு 1 மி.மீ. திசையை மாற்றியபின் முதல் பல்ஸுக்கு முன் 20 மைக்ரோவினாடி தாமதம் வைத்ததும் நழுவல் நின்றது.