வீட்டிலேயே இஞ்சி எலுமிச்சை ஷாண்டி: நுரை பொங்காமல் கலக்கும் முறை

கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் ஒரு முழு பாட்டில் ஸ்ட்ராங் பீர் தாகத்தைத் தணிப்பதைவிடத் தலையைக் கனக்க வைப்பதுதான் அதிகம். 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீரை நண்பகல் வெயிலில் குடித்துவிட்டு மாலை முழுவதும் சோர்ந்து கிடப்பதைக் காட்டிலும், அதே பீரில் இஞ்சியும் எலுமிச்சையும் சோடாவும் சேர்த்து, ஷாண்டி எனப்படும் கலப்புப் பானமாக இலேசாக்கிக் கொள்வது நல்லது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பீரில் இஞ்சி பானத்தைக் கலந்து குடித்தார்கள். ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் எலுமிச்சை பானத்தைச் சரிபாதி சேர்த்து ராட்லர், அதாவது சைக்கிள் ஓட்டி, என்ற பெயரில் குடிக்கிறார்கள். மியூனிக் அருகே விடுதி நடத்திய ஃபிரான்ஸ் சேவர் கூக்லர் என்பவர், 1922ஆம் ஆண்டு ஒருநாள் சைக்கிளில் பெருங்கூட்டம் வந்து இறங்கியபோது கையிருப்பில் இருந்த பீர் போதாமல் எலுமிச்சை சோடாவை ஊற்றிப் பெருக்கிக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, உத்தி நல்ல உத்தி.

கலப்பதற்கு எளிய பானம்தான் என்றாலும், வீட்டில் செய்யும்போது பலருக்கும் நேர்வது ஒன்றே: கிளாஸில் பாதி நுரையாகப் பொங்கி மேசையில் வழிந்துவிடும், மீதிப் பாதி வாயு போய்ச் சப்பென்று இருக்கும். எனவே இந்தச் செய்முறையில் பொருட்களைப் பற்றிச் சொல்வதைவிட வாயுவைக் கிளாஸுக்குள் தக்கவைப்பதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும்.

பீர் வாங்குவது

லேபிளில் 5 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாக அச்சிட்டிருக்கும் சாதாரண லாகர் (கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தெளிந்த மஞ்சள் நிற வகை) பீரே இதற்குப் பொருத்தம். ஸ்ட்ராங் பீரில் இருக்கும் கனமான இனிப்பும் சாராய வாடையும் எலுமிச்சையோடு ஒட்டாது. 650 மி.லி. பாட்டில் ஒன்று நான்கு கிளாஸுக்குப் போதும்.

கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது என்பதால், பாட்டில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் உச்சி வெயிலில்தான். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் வெளிச்சம் ஊடுருவும் பையை மாட்டிக்கொண்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் பொருட்கள் வெயிலில் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாடையைத் தோற்றுவிக்கின்றன. பழுப்பு பாட்டில் இதை ஓரளவு தடுக்கும், பச்சை பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் தடுக்காது. எனவே பழுப்பு பாட்டிலாகவோ கேனாகவோ வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

இஞ்சிப் பாகு

100 கிராம் இஞ்சியைத் தோல் சீவி, 100 மி.லி. தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து கொள்ளுங்கள். இச்சாற்றை உடனே அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தால், மேலே மஞ்சள் நிறச் சாறு தெளிந்து, அடியில் வெண்மையாக ஒரு படிவு தங்கும். விரலால் தொட்டால் மாவு போல வழுக்கும் அப்படிவை நம் வீடுகளில் நஞ்சு என்று சொல்லிக் கொட்டிவிடுவார்கள். உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்துதான், உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சூடானால் அது வெந்து பாகைக் கஞ்சியாக்கிவிடும். ஆகவே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்துக் கொள்ளுங்கள்.

200 கிராம் சர்க்கரையை 150 மி.லி. தண்ணீரில் கரைத்து, தெளிந்த சாற்றையும் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். சர்க்கரை முழுவதும் கரைந்தால் போதும், கம்பிப் பதம் வந்துவிட்டால் குளிர்ந்த சோடாவில் கரையாமல் அடியிலேயே தங்கிவிடும். ஆறியதும் பாட்டிலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும், பத்துப் பன்னிரண்டு கிளாஸுக்கு வரும். பனங்கற்கண்டிலும் செய்யலாம், நிறம் சற்று மங்கினாலும் மணம் நன்றாக இருக்கும். வெல்லம் மட்டும் வேண்டாம், அதன் வாசனைக்கு முன்னால் பீர் இருக்கும் இடம் தெரியாது.

குளிர்ச்சி

குளிர்ந்த தண்ணீரில் கரியமில வாயு அதிகமாகக் கரையும், சூடேற ஏற வெளியேறும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் வாயுவைத் தன்னுள் வைத்திருக்கும் என்றால், 30 டிகிரியில் அதில் பாதியைக்கூட வைத்திருக்காது. சென்னையின் சமையலறையில் மே மாதத்தில் அலமாரியிலிருந்து எடுக்கும் கிளாஸே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். பீர் எவ்வளவு கூலிங்காக இருந்தாலும், அந்தச் சூடான கண்ணாடியைத் தொட்ட கணத்தில் வாயுவை விட்டுவிடும். எனவே பீர், சோடா, பாகு, எலுமிச்சைச் சாறு, கிளாஸ் ஆகிய ஐந்துமே குளிர்ந்திருக்க வேண்டும்.

அவசரத்துக்குப் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே பீர் உறைந்து விரிந்து கண்ணாடி வெடித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு சிறிய வாளியில் ஐஸையும் தண்ணீரையும் நிரப்பி, இரண்டு கைப்பிடி கல் உப்பைப் போட்டு, அதில் பாட்டிலை கழுத்துவரை இறக்கி வையுங்கள். ஐஸை மட்டும் சுற்றிக் கொட்டுவதைவிட இம்முறையில் விரைவாகக் குளிரும், ஏனெனில் தண்ணீர் பாட்டிலை எல்லாப் பக்கமும் தழுவுகிறது, உப்பு அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோகிறது. கால் மணி நேரத்தில் நல்ல கூலிங் கிடைக்கும்.

ஊற்றும் வரிசை

400 மி.லி. கொள்ளும் உயரமான கிளாஸ் ஒன்றுக்கு அளவு இது: இஞ்சிப் பாகு 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., சோடா 100 மி.லி., பீர் 160 மி.லி. இந்த அளவில் 5 சதவீத பீர் கிளாஸில் ஏறத்தாழ 2.6 சதவீதமாகக் குறையும். அளப்பதற்குக் கடையில் விற்கும் அளவுக்குப்பிகள் தேவையில்லை, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியே போதும், அதில் கோடுகளும் தெளிவாக இருக்கும். குலுக்கும் ஷேக்கரை இதில் தொடவே கூடாது, வாயு உள்ள எதையும் மூடிக் குலுக்கினால் என்ன ஆகும் என்பதைத் திறக்கும்போது சட்டையில் பார்க்கலாம்.

முதலில் பாகு, அதன் மேல் எலுமிச்சைச் சாறு. சாற்றைப் பிழியும்போது தோலை முறுக்கிக் கசக்காதீர்கள், பீரில் ஏற்கெனவே இருக்கும் கசப்போடு தோலின் கசப்பும் சேர்ந்து நாக்கைப் பிடிக்கும். டீ வடிகட்டியில் வடித்தே ஊற்றுங்கள். விதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கரையாத எந்தத் துணுக்கும், அது பழத்தின் சதையோ சர்க்கரைப் பரலோ உப்போ, வாயு குமிழியாக உருவாவதற்கு ஓர் இடம் கொடுக்கிறது. பலரும் கிளாஸில் நேரடியாகச் சர்க்கரையைப் போட்டு அதன் மேல் பீரை ஊற்றுவதால்தான் எரிமலை கிளம்புகிறது.

இப்போது சோடாவை மெதுவாக ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை கிளறுங்கள். கிளறுவது இத்தோடு முடிந்தது. பிறகு கிளாஸை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடித்து, பீரை உட்சுவரில் பட்டு வழியும்படி ஊற்றுங்கள். முக்கால் பங்கு ஊற்றியதும் கிளாஸை நிமிர்த்தி, மீதியை நடுவில் விட்டால், இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுந்து நிற்கும். பீரை முதலில் ஊற்றிவிட்டுப் பாகை மேலே விடுபவர்களும் உண்டு. கனமான பாகு பீரைக் கிழித்துக்கொண்டு அடிக்கு இறங்கும், இறங்கியதைக் கலக்கக் கரண்டி போட வேண்டும், போட்டால் வாயு போகும். பாகு அடியில் இருந்தால் பீர் விழும் வேகமே கலக்கிக் கொடுத்துவிடும்.

சோடாவுக்கு என் விருப்பம் கோலி சோடாதான். பெரிய பிளாஸ்டிக் பாட்டில் சோடா ஒருமுறை திறந்தபின் இரண்டாவது கிளாஸுக்கே தளர்ந்துவிடுகிறது, கோலி சோடா ஒரு பாட்டிலில் இரண்டு கிளாஸோடு தீர்ந்துவிடும். கிடைக்காத பகுதிகளில் சிறிய கண்ணாடி பாட்டில் சோடா போதும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நுரை எழவே இல்லை, எழுந்தாலும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை கிளாஸில்தான் இருக்கும். மோரோ பாலோ குடித்த கிளாஸில் கண்ணுக்குத் தெரியாமல் கொழுப்பு ஒட்டியிருக்கும், அது நுரையை உடனே அமர்த்திவிடும். சமையல் சோடாவைத் தொட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர வையுங்கள்.

கிளாஸில் ஐஸ் போடலாமா என்றால், எல்லாம் குளிர்ந்திருந்தால் தேவையில்லை. போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் கேன் தண்ணீரில் உறைய வைத்த பெரிய கட்டிகள் இரண்டை எடுத்து, குழாயடியில் ஒரு நொடி காட்டி, மேலே பூத்திருக்கும் பனிச் சொரசொரப்பைக் கரைத்துவிட்டு, பாகுக்கும் முன்பாகப் போடவும்.

பன்னீர் சோடாவில் செய்தால் என்ன என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அதன் ரோஜா மணமும் பீரின் கசப்பும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. அப்படியும் ஆசைப்படுபவர்கள் பாகை அறவே விட்டுவிட்டு எலுமிச்சையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். மதுவே வேண்டாம் என்பவர்கள் ஆல்கஹால் இல்லாத பீரைக் கொண்டு இதே முறையில் செய்யலாம். அதில் தானிய இனிப்புத் தூக்கலாக இருப்பதால் பாகு 15 மி.லி. போதும்.

இலேசான பானம்தானே, குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தார்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு. இரண்டு மூன்று கிளாஸ் ஷாண்டி அதைத் தாண்டக் கூடியது என்பதால் ஓட்ட வேண்டாம்.

திறந்த பாட்டிலில் பீர் மிஞ்சினால் மூடி வைத்துப் பயனில்லை, மறுநாள் அதில் வாயு இருக்காது. அன்று மாலையே கடலை மாவில் தண்ணீருக்குப் பதிலாக அந்தக் குளிர்ந்த பீரை விட்டுக் கரைத்து வெங்காய பஜ்ஜி போடுங்கள். மாவைக் கரைத்தவுடன் எண்ணெயில் இட்டால்தான் மொறுமொறுப்பு கிடைக்கும்.