தவளைக் கரு வளர்ப்பு: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரியில் ஆய்வகத்துக்காகத் தவளைக் கரு வளர்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீர் எங்கிருந்து?" என்பதுதான். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம். குழாயில் வரும் ஒகேனக்கல் நீரில் குளோரின் கலந்திருக்கும். இரண்டுமே வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில், தவளைக் கருவுக்கான எம்எம்ஆர் என்ற உப்புக் கரைசலைத் தயாரித்து, பத்து மடங்கு நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

நான் சொல்வது ஜெனோபஸ் லேவிஸ் எனப்படும் ஆப்பிரிக்க நகத்தவளையைப் பற்றி. ஏரியில் கிடைக்கும் முட்டைகளை அள்ளி வந்து மரபியல் சோதனை செய்யாதீர்கள். அவற்றின் தாய் தகப்பன் யாரென்றே தெரியாது.

கருவுற்ற முட்டை சுமார் அரை மணி நேரத்துக்குள் உருண்டு, கரும்பாதி மேலே வந்து நிற்கும். அதன் பிறகு முட்டையைச் சுற்றியுள்ள பசை உறையை நீக்க வேண்டும். அன்றே கலந்த 2 சதவீத சிஸ்டீன் (பசையைக் கரைக்கும் அமினோ அமிலம்) கரைசலை ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்றுங்கள். அதன் பிஹெச் (அமில-கார அளவு) 8-ஐ ஒட்டி இருக்கட்டும். முதலில் முட்டைகள் பாயசத்து ஜவ்வரிசிபோல் தள்ளித் தள்ளி நிற்கும். பசை கரையக் கரைய நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடும். அந்தக் கணமே சிஸ்டீனைக் கொட்டிவிட்டு நான்கைந்து முறை அலசுங்கள். இன்னும் ஒரு நிமிடம் போகட்டுமே என்று காத்திருந்து ஒரு தட்டு முழுவதையும் இழந்திருக்கிறேன்.

பசை போன கரு எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும். நீர்ப்பரப்பில் பட்டால் உடைந்துவிடும். பிப்பெட்டின் நுனியை வெட்டி, வாயை அகலமாக்கிக்கொண்டு எடுங்கள்.

வெப்பநிலை 14 முதல் 23 டிகிரிக்குள். சித்திரை வெயிலில் நம் அறைகள் 30-ஐ எளிதில் தாண்டும் என்பதால் குளிரூட்டும் இன்குபேட்டர் கட்டாயம். 22 டிகிரியில் முதல் பிளவு, அதாவது முட்டை இரண்டு செல்லாகப் பிரிவது, நடக்க ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் ஊசியை அதற்குள், ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். நேரம் போதாதென்றால் 16 டிகிரியில் வையுங்கள், வளர்ச்சி நிதானப்படும். அதே தாயின் முட்டைகளில் கொஞ்சம் ஊசி போடாமல் தனித்தட்டில் வளருங்கள். அவையும் சாகின்றன என்றால் பழுது மரபணுவில் இல்லை, உங்கள் கரைசலில்.

காலையும் மாலையும் கரைசலை மாற்றுங்கள். வெளுத்து உப்பிய கருவைக் கண்டவுடனே அகற்றுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒரு தட்டில் ஐம்பதுக்கு மேல் போடுவதை நான் விரும்புவதில்லை.

முதல் நான்கு நாள் தீனி தேவையில்லை. உடலுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே போதும். சோதனை முடிந்து மீந்த தலைப்பிரட்டைகளை எந்த ஏரியிலும் கால்வாயிலும் விட்டுவிடாதீர்கள். இது வெளிநாட்டு இனம், நம் தவளைகளுக்கு நோய் பரப்பக்கூடியது.