வேலையில் காயம்பட்டால் நட்டஈடு கேட்பது எப்படி? பெற்றோல் செட், கடை ஊழியர்களுக்கான படிமுறை

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருக்கிறான். ஏ.எல். முடித்த கையோடு ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு மழை இரவில், பம்படியில் சிந்திக்கிடந்த டீசலில் கால் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலாளி உடனே ஓட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினார். ஏற்றும்போது சொன்னார்: "ஆஸ்பத்திரியில வீட்டுக் கிணத்தடியில விழுந்தனான் எண்டு சொல்லு தம்பி. பொலிஸ், விசாரணை எண்டு உனக்கும் எனக்கும் அலைச்சல். செலவை நான் பாக்கிறன்."

அவனும் அப்படியே சொன்னான். முதல் மாதம் கொஞ்சம் காசு வந்தது. அப்புறம் போன் எடுத்தால் பதில் இல்லை. அவன் என்னிடம் வந்தபோது கையில் இருந்த ஒரே ஆவணம் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன காயம், என்ன சிகிச்சை என்று வைத்தியசாலை எழுதித் தரும் அட்டை. அதில் வீட்டில் விழுந்ததாக எழுதியிருந்தது.

நெல்லியடியிலோ சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ கடையிலும் செட்டிலும் நிற்கிற பிள்ளைகளுக்கு இது இனி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. வேலை காரணமாகவும் வேலை நேரத்திலும் நடந்த விபத்தில் ஊழியர் காயப்பட்டால், நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. நியமனக் கடிதம் தரவில்லை, வாய்ப்பேச்சில்தான் வேலைக்கு எடுத்தார் என்றாலும் நீங்கள் ஊழியர்தான். 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகிற, வேலை முடிந்து திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. இரவு 10 மணிக்குக் கடை பூட்டிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு இது பெரிய விடயம்.

ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும் கீறலுக்கு இது பொருந்தாது. குடித்துவிட்டு வேலை செய்ததாலோ, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன விதியை வேண்டுமென்றே மீறியதாலோ வந்த காயம் என்றால் முதலாளி மறுக்க முடியும்.

படி 1: வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். யாழ். போதனா வைத்தியசாலையோ, தெல்லிப்பழையோ, பருத்தித்துறையோ, எங்கே போனாலும் எப்படிக் காயம் வந்தது என்று கேட்பார்கள். "வேலை செய்யிற இடத்தில, வேலை நேரத்தில" என்று சொல்லுங்கள். எந்தக் கடை, எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த முதல் பதிவு பிறகு விசாரணையில் பேசும். நீங்கள் ஆறு மாதம் கழித்துச் சொல்வதை விட, வலியோடு அன்றிரவு சொன்னதைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.

ஏற்கெனவே மாற்றிச் சொல்லிவிட்டீர்களா? அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லி, குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். எங்கள் பெடியனும் அதைத்தான் செய்தான். ஏன் முதலில் மாற்றிச் சொன்னான் என்பதையும் மறைக்கவில்லை.

வாகனம் அடித்திருந்தால், அல்லது இரவில் கல்லாப் பெட்டிக்கு வந்தவன் தாக்கியிருந்தால், பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். வாகன இலக்கம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள்

விபத்து நடந்த பிறகு முடிந்தளவு விரைவில் முதலாளிக்கு அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது சட்டம். அவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் எழுதிக் கொடுங்கள். நீளமாக வேண்டாம். இப்படிப் போதும்:

"நான் உங்கள் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் பம்ப் ஊழியராக வேலை செய்கிறேன். இந்த மாதம் 12ஆம் திகதி இரவு 9.40 மணியளவில், கடமையில் இருந்தபோது, இரண்டாவது பம்புக்கு முன்னால் சிந்தியிருந்த டீசலில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து சிகிச்சை பெறுகிறேன். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இதை உங்களுக்கு அறிவிக்கிறேன்."

பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திகதி. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோர் தரும் துண்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பாதிக் கடைகளில் முதலாளி யாரோ ஒரு மாமாவாகவோ அப்பாவின் கூட்டாளியாகவோதான் இருப்பார். "அவற்ற முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்று அந்தப் பெடியனும் கேட்டான். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதம் கொடுப்பது சண்டைக்கு இழுப்பது இல்லை. முதலாளி ஊழியர்களுக்குக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தால், அதிலிருந்து காசு எடுக்க அவருக்கே விபத்து பற்றிய பதிவு தேவை. கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் விட்டால்தான் பிறகு உறவு கெடுகிறது.

முதலாளி யார் என்பதிலும் குழப்பம் வரும். செட்டின் மேலே எந்த எண்ணெய்க் கம்பனியின் பலகை தொங்கினாலும், பல இடங்களில் அதை நடத்துவது ஒரு முகவர். உங்களை வேலைக்கு எடுத்துச் சம்பளம் தருபவர் யார் என்று பாருங்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் இருந்தால் அதிலேயே முதலாளியின் பதிவு இலக்கமும் இருக்கும்.

படி 3: வேலையையும் சம்பளத்தையும் காட்டும் எதையும் சேருங்கள்

சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகத்தில் விழுந்த சம்பளம், ஈ.பி.எஃப். விபரம், யார் எப்போது ஷிஃப்ட் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, கடைப் பெயர் போட்ட சேட்டோடு எடுத்த படம்கூட. கையில் காசாகத் தந்தால் மாதம் மாதம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். நட்டஈடு மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இந்தக் கணக்கு குறைந்தால் வருவதும் குறையும்.

கமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாகவே எழுதப்பட்டுவிடும், நாட்கணக்கில்தான் அவகாசம். கூட நின்ற ஊழியரின் பெயரையும் போன் இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். அவர் நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடலாம்.

படி 4: ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள்

முதலாளி தானாகக் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் கொழும்பில் உள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரசகரும மொழி. விண்ணப்பப் பத்திரத்துக்கு யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். நிரப்பவும் சட்ட ஆலோசனைக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். மூலப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரதிகளை மட்டும் அனுப்புங்கள்.

விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு. கட்டு அவிழ்க்கும் வரை பார்ப்போம் என்று இருக்காமல், கட்டோடேயே தொடங்குங்கள். முதலாளி தன் செலவில் ஒரு வைத்தியரிடம் காட்டச் சொன்னால் போங்கள். காரணமின்றி மறுத்தால் உங்கள் உரிமை இடைநிறுத்தப்படலாம்.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு. விரல் போனது, பார்வை குறைந்தது போன்ற நிரந்தர இழப்புக்கு, இழப்பின் வீதத்தைப் பார்த்து மொத்தத் தொகை. மரணம் என்றால் தங்கி வாழ்ந்தவர்களுக்குரிய தொகையை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும். செத்த வீட்டில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது.

படி 5: கையெழுத்துக்கு முன் நில்லுங்கள்

"இதோட எல்லாம் முடிஞ்சுது" என்று ஒரு தாள் வரும். உரிமையையே விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. உண்மையான உடன்பாடு என்றால் அதை ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வெறுந்தாளிலோ முத்திரை ஒட்டிய வெற்றுப் பத்திரத்திலோ கையெழுத்து வைக்கவே வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு, சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டிவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் தவிர, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) அங்கத்தவருக்கு நிரந்தர இயலாமைக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

எங்கள் பெடியனின் கடிதம் போன பிறகு முதலாளியே வீட்டுக்கு வந்தார். உடன்பாடு எழுதி, முறைப்படி பதிவும் ஆனது. அவன் இப்போதும் அதே செட்டில்தான் நிற்கிறான். டீசல் சிந்தினால் உடனே போட, பம்படியில் ஒரு வாளி மரத்தூள் வைத்திருக்கிறார்கள்.