அம்மம்மாவின் கொப்பியில் இருந்து லவ் கேக்

ரவையும் கஜுவும் (முந்திரிப்பருப்பு) போட்டுச் செய்யும் இலங்கை லவ் கேக்கை மூன்று நத்தாருக்குக் கெடுத்த பிறகு, போன வருடம்தான் எனக்குச் சரியாக வந்தது. செய்முறை அம்மம்மாவின் நீல மட்டைக் கொப்பியில் இருப்பது. யாழ்ப்பாணத்தில் எழுதியது, இப்போது ரொறன்ரோவில் என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு கொப்பி இருந்தால், கேக் வேறாக இருந்தாலும் இந்த வழி உதவும். முட்டை பிரிப்பது, அடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கொப்பியைக் குசினிக்குக் கொண்டுபோகாதீர்கள்

படம் எடுத்து, பிறகு கையால் பார்த்து எழுதுங்கள். வெட்டியிருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் கொப்பியில் "சீனி 1½ றா." (றாத்தல்) என்பதை வெட்டி "1 றா." என்று வேறு மையில் திருத்தியிருந்தது. முதல் தடவை நான் மேலோட்டமாக வாசித்து ஒன்றரையே போட்டேன். தித்திப்பில் யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை.

2. அளவுகளை மாற்றுதல்

றாத்தல் என்றால் 454 கிராம், அவுன்ஸ் 28 கிராம். இவை சுலபம். சுண்டுதான் வில்லங்கம். அது சிகரெட் பேணியால் அளக்கிற அளவு, நிறை அல்ல. ஒரு சுண்டு ரவையும் ஒரு சுண்டு கஜுவும் ஒரே நிறை இருக்காது. வீட்டில் பழைய பேணி இருந்தால் ஒருமுறை அளந்து, தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். "ஒரு வைன் கிளாஸ் பன்னீர்" என்றால் சுமார் 2 திரவ அவுன்ஸ், அதாவது 60 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கப் அளவில் கேக் செய்பவர்களோடு எனக்கு வாதாட விருப்பமில்லை, ஆனால் இந்தக் கேக்குக்கு அது சரிவராது.

முட்டைக்கும் இதே கதைதான். கொப்பியில் மஞ்சட்கரு 14. அது ஊர்க்கோழி முட்டைக் கணக்கு. இங்கே கடையில் "லார்ஜ்" என்று விற்கும் முட்டை 56 கிராமுக்குக் குறையாது. எனக்கு 11 மஞ்சட்கரு போதுமாக இருந்தது.

மாற்றிய அளவு இது: ரவை 225 கிராம், பட்டர் 225, சீனி 450, கஜு 340, மஞ்சட்கரு 11, வெள்ளைக்கரு 4, தேன் 3 மேசைக்கரண்டி, பன்னீர் 55 மில்லி. ஏலக்காய்த் தூள் 1 தேக்கரண்டி, சாதிக்காயும் கறுவாவும் அரை அரை, ஒரு தேசிக்காயின் துருவிய தோல்.

3. கலவை

ரவையை நிறம் மாறாமல் வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரைச் சேர்த்துப் பிசைந்து வையுங்கள். கஜுவைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். கிரைண்டரில் போட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, ரவை, கஜு, மற்றதெல்லாம் சேர்த்து, கடைசியில் நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மெதுவாகக் கலக்கவும். அவ்வளவுதான்.

4. சூடு (மூன்று வருடம் இதில்தான் போனது)

கொப்பியின் கடைசி வரி: "பதமான சூட்டில் வைத்து, பதம் வந்ததும் எடுக்கவும்." எந்தப் பதம்? முதல் வருடம் ஓவனை 350 பாரன்ஹீட்டில் வைத்தேன். மேல் கருகி, நடு கூழாக இருந்தது. அடுத்த வருடம், குத்திய குச்சி சுத்தமாக வரும்வரை விட்டேன். செங்கல். மூன்றாவது வருடம் பெரியம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"பிள்ளை, அது பேக்கரிப் போறணைக்கு எழுதினது. பாண் எல்லாம் எடுத்தாப் பிறகுதான் எங்கட தட்டு உள்ள போகும். சூடு இறங்கிக்கொண்டே இருக்கும்."

அப்போதுதான் விளங்கியது. விறகுப் போறணையில் சூடு ஒரே அளவாக நிற்காது. நான் அதை ஓவனில் இப்படிப் பாவனை செய்கிறேன்: 325 பாரன்ஹீட்டில் 20 நிமிடம், பிறகு 275க்கு இறக்கி இன்னும் 50 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை. தட்டு 9க்கு 13 அங்குலம். அடியிலும் பக்கத்திலும் பிறவுண் பேப்பர் மூன்று மடிப்பு, அதன்மேல் எண்ணெய்த்தாள். மேல் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள்.

குச்சியை நம்பாதீர்கள். லவ் கேக் நடுவில் ஈரமாகவே இருக்க வேண்டும், குச்சியில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். மேலே பொன் பழுப்பு, ஓரம் தாளை விட்டு விலகல், நடுவில் விரலால் அழுத்தினால் கூழ்போல் ஆடாமல் மெல்ல மேலே வருவது: இந்த மூன்றும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும். மறுநாள்வரை வெட்டக் கூடாது. எங்கள் வீட்டில் இதை யாரும் கடைப்பிடிப்பதில்லை.

பின்சேர்க்கை: இதை வாசித்துச் செய்த ஒருவர் பன்னீருக்குப் பதில் ரோஸ் எசன்ஸை 55 மில்லி ஊற்றிவிட்டு, கேக் சவர்க்காரம்போல மணக்கிறது என்று எழுதியிருந்தார். தவறு என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும். எசன்ஸ் என்றால் சில துளி மட்டும், மிச்சத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம்.

இன்னொன்று: காற்றாடி உள்ள ஓவனில் வைத்தவர்களுக்கு ஓரம் காய்ந்துவிட்டதாம். காற்றாடியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் 25 பாரன்ஹீட் குறையுங்கள். பூசணித் தோசி (சீனிப்பாகில் போட்ட பூசணி) போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போடலாம், 100 கிராம் பொடியாக வெட்டி. அப்போது சீனியை 400 கிராமுக்குக் குறையுங்கள். அம்மம்மாவின் கொப்பியில் தோசி இல்லை, அதனால் நான் போடுவதில்லை.