எல்ஃபுக்கு மரப்பெட்டிய நீட்டாதீங்க: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்ல நல்லது கெட்டது

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், குள்ளர்கள வச்சு கோட்டை கட்டி ஆடுற கம்ப்யூட்டர் கேம். அதுல நான் கட்டுன முதல் கோட்டைக்கு வசந்த காலத்துல எல்ஃபுங்கற காட்டுவாசி இனத்தோட வியாபாரக் கூட்டம் வந்துச்சு. கல்லுல செதுக்குன கிண்ணம், மோதிரம், பொம்மைன்னு ஒரு பெட்டி நிறைய பண்டமாத்து நடக்கற ட்ரேட் டெப்போவுக்கு தூக்கிட்டு போனேன், உள்ள ஒரு மரச்சாமான் கூட இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டுதான் குடுத்தேன். குடுத்த உடனே அந்த வியாபாரிக்கு வந்துச்சே கோவம், மூட்டைய கட்டிட்டு மொத்த கூட்டமும் கெளம்பிடுச்சு. சாமான் எல்லாம் கல்லுதான், அத போட்டு வச்ச பெட்டி மரம்!

நெறைய பேரு இத பக்னு நெனச்சு திட்டுறாங்க. பக் எல்லாம் இல்ல. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 2006ல வெளியிட்ட கேம் இது, 2022 டிசம்பர்ல தான் ஸ்டீம்ங்கற கேம் கடைக்கு வந்துச்சு. இதுல ஒவ்வொரு இனத்துக்கும் எது தப்பு எது சரின்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல பட்டியலே இருக்கு. கொலை, பொய், திருட்டு, சித்திரவதை, அடிமை வச்சிக்கிறது, மரம் வெட்டுறது, செத்த எதிரிய தின்னுறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில். சரிதான், அவங்கவங்க இஷ்டம், தண்டனை உண்டு, உயிரையே எடுக்கலாம்னு போயி கடைசியில 'நெனச்சுக்கூட பாக்க முடியாது' வரைக்கும் இருக்கு. எல்ஃபுக்கு மரத்த வெட்டுறது அந்த கடைசி ரகம். ஆனா சண்டையில செத்தவன தின்னுறது? தாராளமா தின்னலாம். காது நீளமா அழகா இருக்காங்க, காட்ட காப்பாத்துறாங்க, அதனால நல்லவங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, நம்ம ஆடுற குள்ள இனமான ட்வார்ஃபுக்கு இது ரெண்டுமே அப்படியே தலைகீழ். கேம் உலகத்தையும் அதோட வரலாறையும் உருவாக்கறப்பவே நெறைய போர் இந்த மாதிரி சண்டையிலதான் ஆரம்பிக்குது, அந்த வரலாற காட்டுற லெஜண்ட்ஸ் மோட தெறந்து படிச்சு பாருங்க, நேரம் போறதே தெரியாது.

இதே தப்பு வேற ரூபத்துலயும் வரும். கோட்டைய தாக்க வந்த காப்ளின்ங்கற எதிரி இனத்தோட படைய வெரட்டி அடிச்சாச்சு, வாசல்ல நாப்பது பொணம், உள்ள சாப்பாடு காலி, கசாப்புக் கடைக்கு ஆர்டர் போட்டா வெட்டிருவாங்கன்னு புதுசா ஆடுறவங்க நெனக்கிறாங்க. நீங்க பட்டினி கெடந்தாலும் ட்வார்ஃப் வெட்ட மாட்டான், அந்த எலும்புல ஒரு மோதிரம் கூட செய்ய மாட்டான். காப்ளின் ஏறி வந்த பீக் டாக்ங்கற சவாரி மிருகத்த மட்டும் வெட்டலாம், அதுக்கு பேச்சு அறிவு கிடையாது.

அடுத்தது ரொம்ப பேரு குழப்பிக்கிறது. மேல சொன்ன பட்டியல் இனத்துக்கு பொதுவானது. அதுக்கு மேல ஆளுக்கு ஆள் தனியா மதிப்பீடு இருக்கு, குடும்பம், உண்மை, சட்டம், உழைப்பு, கைவேலைன்னு ஒவ்வொண்ணும் மைனஸ் 50ல இருந்து 50 வரைக்கும் போகும். ட்வார்ஃப்னா எல்லாருமே கைவேலைய கும்புடுவாங்கன்னு கணக்கு போட்டா, அத மயிரா கூட மதிக்காத ஒருத்தன் உங்க கோட்டையிலயே உக்காந்து குடிச்சிட்டு இருப்பான். மனசுல ஆழமா பதிஞ்ச ஒரு சம்பவத்தால ஆளோட கொணமே மாறிடுறதும் உண்டு. அதனால யாராவது சும்மா சும்மா கோவப்பட்டா அவன் ப்ரொஃபைல தெறந்து படிங்க. நான் ஒரு தடவ ஹால பெருசாக்கறேன்னு ஒரு செவுத்த இடிச்சேன், அதுல ஒருத்தி மாஸ்டர்பீஸா செதுக்கி வச்சிருந்தா, பாவம், அந்த வருத்தம் அவளுக்கு ரொம்ப நாள் போகவே இல்ல.

மேல சொன்ன பட்டியல் ஃபைல மாத்தி காப்ளின் கறி திங்க வைக்கலாம்தான், ஆனா உலகத்த உருவாக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. மாத்துனா கசாப்புக் கடையோட நிக்காது, யாரு யாரோட போருக்கு போவாங்கங்கறதும் சேந்து மாறும்.

திரும்ப எல்ஃபுக்கு வரேன். பெட்டிய விட்டுட்டு உள்ள இருக்கற சாமான மட்டும் டிக் பண்ணி குடுங்க, இல்லன்னா உலோகப் பெட்டி செஞ்சு வைங்க. சோப்பு, தெளிவான கண்ணாடி சாமான் ரெண்டையும் காட்டவே காட்டாதீங்க, செய்யறதுக்கு மரச்சாம்பல் போயிருக்குன்னு அதுக்கும் மொறப்பாங்க. நான் எல்ஃபுக்குன்னே ரெண்டு இரும்புப் பெட்டி தனியா வச்சிருக்கேன், அந்த இரும்ப உருக்க எத்தன மரத்த கரியாக்குனேன்னு இதுவரைக்கும் ஒரு எல்ஃப் கூட கேட்டதில்ல.